போரை எதிர்த்த மாணவி சோபி ஷோல்

ஜெர்மனியில் மியூனிக் நகரச் சிறையில், 1943-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி மாலை 5 மணிக்கு ஒரு கல்லூரி மாணவியின் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 21. பெயர் சோபி ஷோல்.

அவர் யாரையும் சுடவில்லை. எங்கும் குண்டு வைக்கவில்லை. ஹிட்லரின் போரை எதிர்த்து எழுதிய துண்டுப் பிரசுரங்களைப் பல்கலைக்கழகத்தில் போட்டார். அவர் செய்த குற்றம் அதுதான்.

மேயர் மகள்

சோபி 1921-ம் ஆண்டு மே 9-ந்தேதி போர்க்டன்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ராபர்ட் ஷோல் அந்த ஊர் மேயர். தாய் மக்தலேனா, திருமணத்துக்கு முன்பு நர்சாக இருந்தவர். பின்னர் குடும்பம் உல்ம் நகரில் குடியேறியது. தந்தை அங்கு வரிக்கணக்கு ஆலோசகராகத் தொழில் நடத்தினார்.

ஹிட்லர் 1933-ல் பதவிக்கு வந்தபோது சோபிக்கு 11 வயது. தந்தைக்கு ஹிட்லரைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளுக்கோ ஒரே குதூகலம். கொடி, அணிவகுப்பு, பாட்டு, முகாம்! அண்ணன் ஹான்ஸ் ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்தார். சோபி பெண்கள் படையில் சேர்ந்தார். அந்த வயதில் அப்பாவின் பேச்சை யார் கேட்கிறார்கள்?

அந்த மயக்கம் நீடிக்கவில்லை. 1937-ல் போலீசார் வீட்டுக்கு வந்தார்கள். தடை செய்யப்பட்ட வேறொரு இளைஞர் குழுவோடு தொடர்பு வைத்திருந்ததாகக் கூறி பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். சோபியைச் சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். ஹான்ஸ் சில வாரங்கள் சிறையில் இருந்தார்.

கம்பளி உடை

சோபிக்கு ஒரு காதலர் உண்டு. பிரிட்ஸ் ஹார்ட்நாகல் என்பது அவர் பெயர். ராணுவ அதிகாரி. போர் தொடங்கியதும் அவர் போர்முனைக்குப் போனார். கடிதம் மூலம் காதலும் வளர்ந்தது. போரைப் பற்றிய வாக்குவாதமும் வளர்ந்தது.

1941-ம் ஆண்டு கடைசியில் ரஷ்யப் பனியில் ஜெர்மன் சிப்பாய்கள் விறைத்துச் செத்தார்கள். அவர்களுக்காக வீடு வீடாகக் கம்பளி உடை வசூலித்தது அரசு. சோபி ஒரு கையுறைகூடக் கொடுக்க மறுத்துவிட்டார்.

கல்நெஞ்சம் என்று தோன்றும். அவருடைய கணக்கு வேறு. குளிரில் சாவது ஜெர்மன் பையனா, ரஷ்யப் பையனா என்பதில் அவருக்கு வேறுபாடு இல்லை. கம்பளி கொடுத்தால் போர் நீளும். நீளும் ஒவ்வொரு நாளும் இரு பக்கமும் சாவு. ஜெர்மனி தோற்பதுதான் நல்லது என்பது அவர் முடிவு. காதலர் அதே ராணுவத்தில் இருக்கும்போது ஒரு பெண் இந்த முடிவுக்கு வருவது எளிதல்ல. ஹார்ட்நாகல் முதலில் திடுக்கிட்டார். பிறகு அவர் சொன்னதை ஒப்புக்கொண்டார்.

கல்லூரியில் சேருமுன் அரசின் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போகவேண்டும் என்பது சட்டம். சோபி அதிலிருந்து தப்ப, குழந்தைப் பள்ளி ஆசிரியைக்குப் பயிற்சி பெற்றார். அது பலிக்கவில்லை. முகாமில் ஆறு மாதம், அதன்பின் போர்க்காலப் பணி ஆறு மாதம். 1942 மே மாதம்தான் மியூனிக் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தார். உயிரியலும் தத்துவமும் பாடங்கள். ஹான்ஸ் அங்கே மருத்துவ மாணவர்.

வெள்ளை ரோஜா

அந்தக் கோடையில் மியூனிக்கில் பலருக்குத் தபாலில் மர்மப் பிரசுரங்கள் வந்தன. தலைப்பு, வெள்ளை ரோஜா. போலந்தில் 3 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை ஒரு பிரசுரம் வெளிப்படையாகச் சொன்னது. ஹான்சும் அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ஷ்மோரலும்தான் எழுதியவர்கள். நான்கு பிரசுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 100 பிரதிகள்.

அந்த ஆண்டே தந்தை சிறைக்குப் போனார். அலுவலகத்தில் ஹிட்லரைப் பழித்துப் பேசிவிட்டார். அங்கு வேலை பார்த்த பெண்ணே போலீசுக்குத் தெரிவித்துவிட்டார்! நான்கு மாதத் தண்டனை. ஹான்சும் நண்பர்களும் மருத்துவ உதவியாளர்களாக ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, நவம்பரில் திரும்பினார்கள். கண்டதையெல்லாம் கண்ட பிறகு அவர்களுக்குப் பயம் குறைந்துவிட்டது.

1943 ஜனவரியில் ஐந்தாவது பிரசுரம் தயாரானது. இப்போது 100 அல்ல, ஆயிரக்கணக்கில். எழுதுவதைவிட மற்ற வேலைதான் பெரிது. ஸ்டென்சில் வெட்டவேண்டும். கையால் சுற்றும் பிரதி இயந்திரத்தை இரவெல்லாம் சுற்றவேண்டும். டெலிபோன் டைரக்டரியைப் பார்த்துக் கவர்களில் முகவரி எழுதவேண்டும். போர்க்காலத்தில் காகிதம் கிடைப்பதே அரிது. ஒரே தபால் நிலையத்தில் நிறைய ஸ்டாம்ப் வாங்கினால் சந்தேகம் வரும். அதனால் சோபி வெவ்வேறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். குழுவின் வரவு செலவுக் கணக்கும் அவர் பொறுப்புதான். வரிக்கணக்கு ஆலோசகரின் மகள் அல்லவா!

பிறகு ரெயில் பயணம். பிரசுரப் பெட்டியை ஒரு பெட்டியில் சாமான் பலகையில் வைத்துவிட்டு, வேறு பெட்டியில் போய் உட்காருவார்கள். சோதனை வந்தால் பெட்டி மட்டும் சிக்கும். மியூனிக்கிலிருந்து உல்ம், ஏறக்குறைய பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் தூரம். உல்மில் பள்ளி மாணவர்கள் சிலர், தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து முகவரி எழுதினார்கள். அந்தந்த ஊரிலேயே தபாலில் போட்டதால் ஸ்டாம்ப் செலவும் மிச்சம். எங்கிருந்து வந்தது என்பதும் தெரியவில்லை.

அதே ஜனவரி 13-ந்தேதி பல்கலைக்கழக விழாவில் நாஜி மாநிலத் தலைவர் கீஸ்லர் பேசினார். மாணவிகள் படிப்பதைவிட ஹிட்லருக்குப் பிள்ளை பெற்றுத் தரலாம் என்று கேவலமாகப் பேசினார். மாணவிகள் எழுந்து வெளியேற, கைகலப்பு ஆகிவிட்டது. சோபி அன்று அங்கு போகவில்லை. பிப்ரவரி 2-ந்தேதி ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து முடிந்தது. தத்துவப் பேராசிரியர் குர்ட் ஹூபர் ஆறாவது பிரசுரத்தை எழுதினார். அது நேராக மாணவர்களை நோக்கி எழுதப்பட்டது.

பிடிபட்டார்கள்

பிப்ரவரி 18, வியாழக்கிழமை. வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அண்ணனும் தங்கையும் பெட்டியோடு வந்து, வகுப்பறை வாசல்களில் பிரசுரங்களை வைத்தார்கள். வேலை முடிந்து வெளியே போயும்விட்டார்கள். பெட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. திரும்பி வந்தார்கள். மாடியிலிருந்து ஒரு கட்டைச் சோபி தள்ளிவிட, கூடமெங்கும் காகிதம் பறந்தது.

கட்டிடக் காவலாளி பார்த்துவிட்டார். கதவுகள் மூடப்பட்டன.

ஹான்சின் சட்டைப் பையில் இன்னொரு பிரசுரத்தின் கைப்பிரதி இருந்தது. கிழித்து விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. அது நண்பர் கிறிஸ்டோப் பிராப்ஸ்டின் கையெழுத்து. அவர் மூன்று குழந்தைகளின் தந்தை. கடைசிக் குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

சோபி முதலில் எதுவும் தெரியாதென்றே சாதித்தார். போலீசாரும் ஏறக்குறைய நம்பிவிட்டார்கள். ஆனால் அறையைச் சோதித்ததில் குவியலாக ஸ்டாம்புகள் கிடைத்தன. ஹான்ஸ் ஒப்புக்கொண்டது தெரிந்ததும் சோபியும் ஒப்புக்கொண்டார். அதன்பின் எல்லாப் பழியையும் தங்கள் இருவர் மேலேயே போட்டு, மற்றவர்களைக் காப்பாற்றப் பார்த்தார்.

நான்கே நாளில் விசாரணை. பெர்லினிலிருந்து நீதிபதி பிரைஸ்லர் வந்தார். காலையில் தொடங்கி மதியத்துக்குள் மூவருக்கும் மரண தண்டனை. கோர்ட்டில் பேச முயன்ற தந்தையை வெளியே தள்ளினார்கள். தம்பி வெர்னர் ரஷ்யப் போர்முனையிலிருந்து விடுப்பில் வந்து, சிப்பாய் உடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சிறையில் பெற்றோர் பார்க்க அனுமதி கிடைத்தது. தாய் தின்பண்டம் கொண்டு வந்திருந்தார். ஹான்ஸ் வேண்டாமென்றார். சோபி, மதியம் சாப்பிடவில்லை என்று வாங்கிக்கொண்டார். அதுவே கடைசிச் சந்திப்பு.

அன்று மாலை பல்கலைக்கழகத்தில் மாணவர் கூட்டம் நடந்தது. கூடிய மாணவர்கள், பிடித்துக் கொடுத்த காவலாளிக்குக் கைதட்டினார்கள்.

பேராசிரியர் ஹூபரும் ஷ்மோரலும் ஜூலையில் கொல்லப்பட்டார்கள். மற்றொரு நண்பர் வில்லி கிராப் அக்டோபரில் கொல்லப்பட்டார். ஆறாவது பிரசுரம் மட்டும் எப்படியோ நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டே நேச நாட்டு விமானங்கள் அதன் பிரதிகளை ஜெர்மன் நகரங்கள் மீது கொட்டின.

ஹார்ட்நாகல் ஸ்டாலின்கிராடிலிருந்து கடைசி நேரத்தில் விமானத்தில் தப்பி, பனியில் விறைத்த கைகளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். செய்தி கேட்டுக் கருணை மனுவுக்காகப் பெர்லினுக்கு ஓடினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போருக்குப் பின் சோபியின் அக்கா எலிசபெத்தை மணந்தார். சட்டம் படித்து நீதிபதியானார். ராணுவத்தில் சேர மறுக்கும் இளைஞர்களுக்கு வழி சொல்லி உதவி வந்த அவர், 2001-ல் காலமானார்.