குதிரைகளுக்கு ஷாக் கொடுத்த டிராம்: வெர்னர் வான் சீமென்ஸ் யார்?

ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினிலோ, உங்கள் ஆபீஸ் மின்பலகையிலோ 'சீமென்ஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஓர் ஆளின் பெயர். உலகின் முதல் மின்சார டிராமை ஓட்டியவர்.

1816ல் ஜெர்மனியின் ஹனோவர் பக்கம் பிறந்தார் வெர்னர். வீட்டில் பிள்ளைகள் நிறைய, காசு குறைவு. இன்ஜினியரிங் படிக்க வழியில்லாமல், இலவசமாகப் படிப்பு கிடைக்குமே என்று பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தார். சக அதிகாரிகள் போட்ட துவந்த சண்டையில் ஒருவருக்குத் துணை நின்றதால் சிறைக்குப் போனார். சும்மா இருப்பாரா மனுஷர்? அறைக்குள்ளேயே மின்முலாம் பூசும் சோதனையை ஆரம்பித்துவிட்டார்.

1847ல் உறவினர் கொடுத்த பணத்தில், ஹால்ஸ்கே என்ற கருவி நிபுணரோடு பெர்லினில் தந்திக் கம்பெனி தொடங்கினார். 1870ல் லண்டனையும் கல்கத்தாவையும் இணைத்த தந்தி லைன் சீமென்ஸ் சகோதரர்கள் போட்டதுதான். ஆனால் வண்டி ஓட்ட, தந்திக்கான பேட்டரி மின்சாரம் போதாது. 1866ல் அவர் கண்டறிந்த டைனமோ தத்துவம்தான் (அதே சமயம் வேறு சிலரும் அதைத் தொட்டார்கள்) அந்தக் கதவைத் திறந்தது.

1879 பெர்லின் கண்காட்சியில் குட்டி மின்சார ரயில் ஓட்டினார். கூட்டம் அலைமோதியது. சரி, ஊருக்குள் தூண்கள் மேல் ரயில் விடலாமா என்று கேட்டார். தெருவாசிகள் எதிர்த்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்கள். அவர் கம்பெனிப் பணத்தைப் போட்டு, பெர்லினுக்கு வெளியே லிஷ்டர்ஃபெல்டேயில், ராணுவப் பள்ளி கட்ட சாமான் ஏற்றிய பழைய தண்டவாளத்தைப் பிடித்தார். 1881 மே மாதம் அங்கே டிராம் ஓடியது. தூரம் சுமார் 2.5 கிலோமீட்டர். இன்றைய பாஷையில் பைலட் ப்ராஜெக்ட்.

அதில் ஒரு சிக்கல். மேலே கம்பி கிடையாது. 180 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலேயே பாய்ந்தது. ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பும். இரண்டையும் சேர்த்து மிதித்த குதிரைகள் பாவம், துள்ளின! அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், மேல்கம்பியில் மின்சாரம் எடுக்கும் டிராமை அவர் கம்பெனி காட்டியது. நம் ஊர் ரயில்கள் இன்றும் மேல்கம்பியைத்தான் நம்பி ஓடுகின்றன.

1892 டிசம்பரில் வெர்னர் இறந்தார். மூன்றே ஆண்டில் மெட்ராஸிலும் மின்சார டிராம் வந்துவிட்டது. பெர்லினில் அவருக்கு மறுக்கப்பட்ட தூண்மேல் ரயிலை அவர் கம்பெனி கட்டி முடித்தது 1902ல்.