ஃப்ரெட் இல்லாத பேஸ்

பாட்டு கேக்கும்போது பேஸ் கிட்டாரை நம்மள்ல யாரு தனியா கவனிக்கிறோம்? உலகத்தையே கவனிக்க வச்சவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ்.

1951-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து, ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். முதல்ல டிரம்ஸ்தான் வாசிச்சார். ஃபுட்பால் ஆடும்போது மணிக்கட்டில் அடிபட, பேஸுக்கு மாறினார். விரல் எங்கே வைக்கணும்னு காட்ட கிட்டார் கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் இருக்கும். அவரோட ஃபெண்டர் பேஸில் அது கிடையாது, காதுதான் வழிகாட்டி. வெறும் மரத்தை ஸ்ட்ரிங் அரிச்சிடக் கூடாதுன்னு, படகுக்குப் பூசற எபாக்ஸியை அதில் பூசினார். நம்ம மெட்டீரியல்ஸ் லேப் சமாச்சாரம்தான்! அந்த பேஸ் மனுஷக் குரல் மாதிரி பாடுச்சு.

1976-ல் வந்த முதல் ஆல்பத்தில் ஜாஸும் ஃபங்க்கும் அடுத்தடுத்த டிராக். அதே வருஷம் வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். 1977-ல் வந்த ஹெவி வெதர் ஆல்பத்தில், அவரே எழுதிய டீன் டவுனுக்கு பேஸோட டிரம்ஸும் அவரேதான்.

மேடையில் எதிர்பாராததைச் செஞ்சா இம்ப்ரவைசேஷன்னு கைதட்டுவோம். வாழ்க்கையிலும் அவர் அப்படி நடந்தபோது, மேதையின் குறும்புன்னு பலர் விட்டுட்டாங்க. 1982-ல்தான் பைபோலார் நோய்னு தெரிஞ்சது. சிகிச்சை நிலைக்கல. நியூயார்க் பூங்காக்களில் படுத்துத் தூங்கினார். 1986-ல் அந்த பேஸும் திருடுபோச்சு. 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் அடி வாங்கி, கோமாவுக்குப் போய் இறந்தார். வயசு 35.

நம்ம ஹாஸ்டல்லயும் நாள்கணக்கா தூங்காம பேசிட்டே இருக்கிற ஒருத்தன் இருக்கலாம். அவன் அப்படித்தான்னு சிரிச்சிட்டுப் போறதுக்கு முன்னாடி, பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை கேளுங்க.