கதவு திறக்கும் முன்னே வந்தவர்

கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் விளையாட்டு பேஸ்பால். அமெரிக்க மக்களின் உயிரோடு கலந்த ஆட்டம் அது. ஆயினும், 1947-ஆம் ஆண்டு ஜாக்கி ராபின்சன் களம் இறங்கும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டின் பெரிய லீக்குகளில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. ஏட்டில் எழுதப்படாத சட்டம் அது! அந்த இருண்ட காலத்தில் ஒளிவிட்ட மாவீரர் ஜான் ஹென்றி லாயிட்.

1884-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் பலாட்கா என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். தொடக்கப் பள்ளிப் படிப்பையும் முடிக்க இயலாமல், கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சென்றார். 1906 முதல் 1932 வரை ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, நியூயார்க் முதலிய நகரங்களின் கறுப்பினக் குழுக்களில் ஆடினார்.

இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்று பந்தைத் தடுப்பதே அவர் பணி. தரையோடு உருண்டுவரும் பந்தை மண்ணோடு சேர்த்து அள்ளிவிடுவார். அதனால் கியூபா நாட்டு ரசிகர்கள் ‘அகப்பை’ என்று பொருள்படும் பட்டப்பெயரை அவருக்குச் சூட்டினர். 1910-இல் வெள்ளையர் குழுவான டெட்ராய்ட் டைகர்ஸ் ஹவானா நகருக்கு வந்து ஆடியது. அக்குழுவின் புகழ்பெற்ற டை காப்பையே மட்டைவீச்சுச் சராசரியில் விஞ்சினார் லாயிட்! வெள்ளை வீரர் ஹோனஸ் வாக்னருடன் மக்கள் இவரை ஒப்பிட்டபோது, அது தமக்குப் பெருமை என்றே வாக்னர் கருதினார்.

இத்தகைய வீரர் பிற்காலத்தில் என்ன செய்தார்? அட்லாண்டிக் சிட்டியில் பள்ளிக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கும் ஊழியராக வாழ்ந்தார். அதில் அவர் சிறுமை காணவில்லை. சிறுவர்களுக்குப் பந்தாடக் கற்றுத் தந்தார். அவர்கள் நெஞ்சில் இடம்பெற்றார். 1949-இல் அந்நகரம் தன் விளையாட்டரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியது. தவறான காலத்தில் பிறந்துவிட்டதாகத் தாம் எண்ணவில்லை என்றும், தம் இனத்தின் திறமையை நிலைநாட்டக் கிடைத்த சரியான காலமே அது என்றும் அவ்விழாவில் அவர் எடுத்துரைத்தார்.

1964-இல் அவர் மறைந்தார். 1977-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020-இல்தான் அறிவித்தார்கள். உலகம் ஒப்புக்கொள்ளும் வரை உழைப்பு காத்திருப்பதில்லை. கதவு அடைத்திருந்த காலத்திலும் குறையின்றி ஆடிய லாயிட் போன்றோரால்தான் பின்வந்தவர்களுக்கு அக்கதவு திறந்தது.