ழூவோ துப்ரேய்

கபிரியேல் ழூவோ துப்ரேய் (1885 – 1945) தென்னிந்தியக் கோயிற் கட்டடக்கலையையும் படிமக்கலையையும் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆவார். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார். புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்கள் 1920இல் அறிஞருலகின் கவனத்துக்கு வந்தது பெரிதும் இவரால்தான்.

அலங்கார உறுப்புகளும் காலக்கணிப்பும்

கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை எவ்வாறு அறிவது என்ற கேள்விக்கு இவர் கண்ட விடை அலங்கார உறுப்புகளே. கோயில் கட்டும் சிற்பிகளிடமே அவ்வுறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றும் நூற்றாண்டுதோறும் எவ்வாறு வடிவம் மாறியது என்று வரிசைப்படுத்தினார். தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறலாம். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை போன்ற தரங்க வேலைப்பாட்டுடன் இருந்தது. சோழர் காலத்தில் வளைவு நீங்கிக் கோணமாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு முனை நீண்டது. விசயநகரக் காலத்தில் அம்முனை மொட்டாகிக் கீழ்நோக்கியது. பிற்காலத்தில் வாழைப்பூவாகத் தொங்கியது. இவ்வாறே கூடு என்னும் உறுப்பின் உச்சி, பல்லவர் காலத்தில் மண்வெட்டியின் தலை போலவும் சோழர் காலத்தில் சிங்கமுகமாகவும் அமைந்தது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் தூணை அண்ணாந்து பார்த்தே ஏறத்தாழக் காலத்தைச் சொல்ல இதனால் வழி பிறந்தது.

இவ்வாய்வு 1914இல் பிரெஞ்சு மொழியில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கட்டடக்கலைப் பகுதியை ஒட்டிய ஆங்கில நூல் 1917இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் முன்னுரையுடன் வெளியாயிற்று. பல்லவர் வரலாறு, தக்காண வரலாறு பற்றியும் நூல்கள் எழுதினார்.

சித்தன்னவாசல்

எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் வெளியிட்ட புதுக்கோட்டை வரலாற்றில் இவ்விடம் பற்றிய குறிப்பு உண்டு. எனினும், ஓவியங்களைப் பற்றித் துப்ரேய்க்குத் தெரிவித்தவர் தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் ஆவார். அர்த்த மண்டபத்தின் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், யானைகள், மலர் பறிப்போர். தூண்களில் ஆடல் மகளிர். சுதை பூசிய பாறைப்பரப்பில் காவி முதலிய நிறங்களால் தீட்டப்பட்ட இவற்றின் செய்முறையைப் பின்னாளில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார்.

குடைவரை மாமண்டூர்க் குகைகளை ஒத்திருந்ததாலும், முதலாம் மகேந்திரவர்மன் சித்திரகாரப்புலி என்ற பட்டம் பெற்றவன், முன்பு சமணனாக இருந்தவன் என்பதாலும், ஓவியங்கள் அவன் காலத்தவை (7ஆம் நூற்றாண்டு) எனத் துப்ரேய் முடிவு செய்தார். போதிகைகளை வரிசைப்படுத்த அவருக்கு நூற்றுக்கணக்கான கோயில்கள் இருந்தன. ஓவியத்துக்கோ ஒப்பிட்டுப் பார்க்க வேறு பல்லவர் ஓவியம் அப்போது அறியப்படவில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களை அவரே 1931இல்தான் கண்டறிந்தார்.

முடிவு நிலைக்கவில்லை. குடைவரையின் முகப்பருகே உள்ள தமிழ்க் கல்வெட்டு, பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபம் எடுப்பித்ததைக் கூறுகிறது. இதனால் ஓவியங்களைப் பெரும்பாலோர் 9ஆம் நூற்றாண்டினவாகக் கொள்கின்றனர். ஆயினும், அடியில் பழைய ஓவிய அடுக்கு ஒன்று இருந்ததும் பின்னர் அறியப்பட்டது. எனவே துப்ரேயின் கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

அரிக்கமேடு

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும், உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை எனக் கருதப்பட்ட உருவம் செதுக்கிய கல்லையும் கண்டு, அது உரோமரோடு தொடர்புடைய இடம் என்று 1937இல் அறிவித்தார். அங்கு மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு செய்தார். இத்தாலிய முத்திரை பதித்த சிவப்பு மட்கலங்களைக் கொண்டு அவர் அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். வட்ட வட்டமாகச் சிறு கீறல் வரிசைகள் அமைந்த உருளைக்கோட்டுக் கலங்களையும் மத்தியதரைக் கடற்பகுதியினவாகக் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை எனக் காட்டின. துப்ரேய் அதே 1945இல் காலமானார்.