ஸ்ரீநகரைக் காத்த நாட் விமானி நிர்மல்ஜித் சிங் சேகான்

இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா விருது பெற்ற ஒரே வீரர் நிர்மல்ஜித் சிங் சேகான். பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்தின் இசேவால் கிராமத்தைச் சேர்ந்த அவர், விமானப்படையில் பணியாற்றிய தந்தையின் வழியில் 1967 ஜூன் மாதம் அதிகாரியாகப் பொறுப்பேற்றார்.

1948-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டை மதித்து, காஷ்மீர் பள்ளத்தாக்கில் வான் பாதுகாப்பு விமானங்களை இந்தியா நிறுத்தவில்லை. 1971-இல் போர் மூண்ட பிறகே 18-ஆவது படைப்பிரிவின் நாட் போர் விமானங்கள் ஸ்ரீநகரில் நிறுத்தப்பட்டன. எனவே அந்த நிலப்பரப்பும் கடுங்குளிரும் சேகானுக்குப் புதியவை.

டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் 6 சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமான தளத்தைத் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே சேகான் வானில் எழுந்தார். மர உயரத்தில் நடந்த சண்டையில் ஒரு சேபரைச் சுட்டுச் சேதப்படுத்தி, மற்றொன்றைத் தீப்பற்றச் செய்ததாக விருதுக் குறிப்பு தெரிவிக்கிறது. பின்னர் 4 விமானங்களைத் தனியொருவராக எதிர்கொண்ட அவரது விமானம் வீழ்த்தப்பட்டது. எனினும், நகரின் மீதான தாக்குதலைத் தொடராமல் எதிரி விமானங்கள் பின்வாங்கின.

அவரது உடல் கண்டெடுக்கப்படவில்லை. 2023-இல் அந்தமான் நிகோபார் தீவுகளில் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.