மகன் தப்பினான், மகள் சுமந்தாள்!

வெம்பக்கோட்டையில் பாட்டி காலத்துப் பெட்டியைத் திறந்தால், விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் கிடைக்கலாம். அந்த மகாராணியின் எட்டாவது பிள்ளை லியோபோல்டு.

1853-ல் பிறந்தார். லேசாக இடித்துக்கொண்டாலும் போதும். உள்ளே ரத்தம் கசியும், முழங்கால் வீங்கும். பிறகு நாள் கணக்கில் படுக்கைதான். ரத்தம் எளிதில் உறையாத அந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர். அது தாயிடமிருந்து வந்தது. தாய்க்கோ ஒரு நோவும் இல்லை!

மகாராணி அவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். அவரோ ஆக்ஸ்போர்டு போய்ப் படித்தார். 1882-ல் ஜெர்மன் இளவரசி ஹெலனாவை மணந்தார். மறு வருஷம் மகள் ஆலிஸ் பிறந்தாள்.

1884 மார்ச் மாதம் பிரான்சில் கான் நகரில் வழுக்கி விழுந்தார். மறுநாளே மாண்டார். வயது 30. ஹெலனா அப்போது கர்ப்பிணி!

ஜூலையில் மகன் பிறந்தான். அவனுக்கு நோய் இல்லை. இந்த நோய் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. ஆனால் மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இதில் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆலிஸின் மகன் ரூபர்ட்டுக்கு அது வந்தது. 1928-ல் மோட்டார் விபத்தில் அடிபட்டு, 20 வயதில் இறந்தான். ஆலிஸ் 97 வயது வரை வாழ்ந்தார்.

ஹெலனா காலத்தில் சோதித்துப் பார்க்க வழி இல்லை. இன்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், ஒரு பெண் இந்த நோயைச் சுமக்கிறாளா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு உண்டா என்றும் பார்க்கிறார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி மருந்தும் வந்துவிட்டது.