இல்லம் தந்த தமிழ்

தமிழ்நாட்டில் அரசு விழாக்களின் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பெறுகிறது. அதனை இயற்றியவர் பேராசிரியர் பெ. சுந்தரனார். அவர் பிறந்ததும், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்ததும் கேரள மண்ணில்தான்.

சுந்தரனாரின் முன்னோர் மதுரையிலிருந்து ஆலப்புழைக்குக் குடிபெயர்ந்தவர்கள். அங்கு வணிகம் செய்துவந்த பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மாளுக்கும் 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அவர் பிறந்தார். ஊரில் வழங்கிய மொழி மலையாளம். உயர்கல்விக்கு வேண்டிய மொழி ஆங்கிலம். எனவே, தமிழைப் பேணும் பொறுப்பு இல்லத்தைச் சார்ந்ததாயிற்று. தேவாரம், திருவாசகம் முதலிய பக்தி நூல்களைச் சுந்தரனார் இளமையிலேயே பயின்றார். பின்னர், நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் இலக்கியம் கற்றார்.

1876இல் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார். திருநெல்வேலியில் சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றியபின், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். 1880இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார்.

இத்தகைய புலமை உடையவர் ஆங்கிலத்தோடு நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும், தாம் கற்ற புதிய கல்வியின் பயனைத் தாய்மொழிக்கும் சேர்க்க அவர் விரும்பினார். ஆங்கில எழுத்தாளர் லிட்டன் எழுதிய ஒரு கதையைத் தழுவி, ‘மனோன்மணீயம்’ என்னும் கவிதை நாடகத்தை 1891இல் வெளியிட்டார். அந்நூலின் தொடக்கத்தில் உள்ள வாழ்த்துப் பாடலின் ஒரு பகுதியையே தமிழ்நாட்டு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது.

தமக்குத் துணைநின்ற பேராசிரியர் ஹார்வியைச் சுந்தரனார் மறக்கவில்லை. நாடகத்தை அவருக்கு உரிமையாக்கியதோடு, பேரூர்க்கடையில் இருந்த தம் இல்லத்திற்கும் ஹார்விபுரம் எனப் பெயரிட்டார்.

1897ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 42ஆம் வயதில் சுந்தரனார் மறைந்தார். அப்போது அவருடைய மகன் நடராசனுக்கு வயது ஆறு. தந்தையை இழந்த அச்சிறுவரே பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சரானார். பேரூர்க்கடையில் உள்ள அரசுப் பள்ளி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பம் நிலத்தையும் வீட்டையும் உடன் கொண்டுவர இயலாது. மொழியையும் கற்கும் வழக்கத்தையும் கொண்டுவர இயலும். அவற்றை இல்லம் விதைக்கும். இளம்பருவத்தில் அவற்றை நீரூற்றி வளர்ப்பது மாணவரின் கடமை. சுந்தரனார் அக்கடமையை நிறைவேற்றினார்.

பயிற்சி

1. சுந்தரனாரின் முன்னோர் எவ்வூரிலிருந்து குடிபெயர்ந்தனர்?
2. ஹார்வியிடம் கொண்ட நன்றியைச் சுந்தரனார் எவ்வாறு வெளிப்படுத்தினார்?
3. உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து, எதற்காக இங்கு வந்தது எனப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.